வேகத்துக்கு முன் பிரேக்

சைக்கிளில் பொருத்துவதற்கென்று பெட்டியில் வரும் சீன டூ-ஸ்ட்ரோக் இன்ஜினைப் பல கடைகள் ‘80 சிசி’ என்றே விற்கின்றன. பெரும்பாலும் உள்ளே இருப்பது 47 மி.மீ. விட்டமும் 38 மி.மீ. ஓட்டமும் கொண்ட சிலிண்டர். கணக்குப் போட்டால் 66 சிசிதான் வருகிறது. வீட்டிலேயே சைக்கிளுக்கு இன்ஜின் மாட்டும் பழக்கத்தை நான் மதிப்பதற்கு முதல் காரணம் இது: விற்பவர் சொல்லை அப்படியே நம்பாமல் பிரித்து அளந்து பார்க்க அது கற்றுத்தருகிறது. இந்தப் பழக்கத்துக்கு நல்ல முன்னோடியும் உண்டு: 1946இல் ஜப்பானின் ஹமமட்சுவில் சோய்ச்சிரோ ஹோண்டா, போரில் மிஞ்சிய ராணுவ ஜெனரேட்டர் இன்ஜின்களைச் சைக்கிள்களில் மாட்டி விற்றுத்தான் தன் இருசக்கர வாகனத் தொழிலைத் தொடங்கினார். மறு ஆண்டே சொந்த இன்ஜினுக்குப் போய்விட்டார்.

இந்தக் கல்வியின் அருமையான பாடம் கார்ப்பரேட்டரில் இருக்கிறது. ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றினால் முனை காபிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டும். கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம், சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பலர் கவனிக்காத நுட்பம் ஒன்றும் உண்டு. புது இன்ஜினுக்கு 16 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில் கலக்கிறார்கள். ஓடிப் பழகியபின் ஆயிலைக் குறைக்கிறார்கள். அப்போது கார்ப்பரேட்டரின் எரிபொருள் துளையான அதே ஜெட் வழியே வருவதில் பெட்ரோலின் பங்கு கூடிவிடுகிறது. ஆயில் அளவு மாறினால் ஜெட்டையும் மறுபடி பார்க்க வேண்டும்.

இவ்வளவு திறமையும் வேகத்தின் பக்கமே சாய்வதுதான் என் குறை. பின்சக்கரத்தின் 44 பல் ஸ்பிராக்கெட்டைக் கழற்றி 36 பல் மாட்டுகிறார்கள். அதே வேகத்தில் இன்ஜின் நிதானமாகச் சுற்றும், அதிர்வு குறையும் என்பது உண்மையே. ஆனால் அந்த நிதானத்தோடு நிற்பவர் குறைவு. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும்; மிதிவேகத்துக்கென்று செய்த பிரேக் கட்டைகள் அதற்குப் போதா. செயின் தொய்வைப் பிடிக்கும் சிறு உருளையோ பின் குழாயில் போல்ட் இறுக்கத்தை மட்டுமே நம்பி நிற்கிறது. அதிர்வில் நழுவிப் போக்ஸ் கம்பிகளுக்குள் புகுந்தால் சக்கரம் அந்த நொடியே பூட்டிக்கொள்ளும். ஸ்பிராக்கெட்டும் ரப்பர் வளையங்களுக்கு நடுவே அதே கம்பிகளைக் கவ்விக்கொண்டுதான் இருக்கிறது. மையம் சற்று விலகினாலும் ஒவ்வொரு சுற்றிலும் செயின் இறுகித் தளரும். ரிம் கோட்டம் எடுக்கும் பொறுமையோடு இதை மையப்படுத்துகிறவரையே தேர்ந்த மெக்கானிக் என்பேன். கார்ப்பரேட்டர் அதற்கப்புறம்தான்.

இந்தியாவில் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, நான்கு சக்கரத்துக்குக் குறைந்த வண்டியில் 25 சிசிக்கு மேற்படாத இன்ஜின் இருந்தால் அது மோட்டார் வாகனம் ஆகாது. 66 சிசி அந்த எல்லையைத் தாண்டிவிட்டது: பதிவு, உரிமம், காப்பீடு எல்லாம் வேண்டும். வீட்டில் கட்டிய வண்டிக்கு இவை கிடைப்பது அரிது. காப்பீடில்லாத அந்த வண்டி தெருவில் ஒரு முதியவர்மேல் மோதினால் அவர் இழப்பீட்டுக்கு எங்கே போவார்? சொந்தத் தோட்டத்துக்குள் ஓட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. சாலைக்கு என்றால், 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கி.மீ.க்கும் கீழே நிற்கும் மின் மோட்டாரையே பரிந்துரைப்பேன். விதிகளின் நிபந்தனைகளுக்கு உட்பட்டால் அதற்குப் பதிவு தேவையில்லை. அங்கும் ஹப் மோட்டாரின் அச்சு ஃபோர்க்கில் திரும்பிவிடாதபடி டார்க் ஆர்ம் மாட்டிய பிறகே முதல் ஓட்டம்.