ஆகோளும் கல்லும்: புறத்துறைச் சொற்களைப் பொருள்கொள்ளும் முறை

அருஞ்சொல் ஒன்று எதிர்ப்படின் மாணாக்கர் அகராதியை நாடுவர்; உரையாசிரியரை வினாவுவர். நாள்தோறும் வழங்கும் சொல்லாயின் அங்ஙனம் செய்யார்; பொருள் தெரிந்ததெனவே கொண்டு மேற்செல்வர். இலக்கிய ஆராய்ச்சியில் பிழை பெரும்பாலும் இவ்வெளிய சொற்களின் வாயிலாகவே புகுகின்றது. திணை, துறை என்னும் இரண்டும் அத்தகையன. திணையைப் ‘பாடுபொருள்’ என்றும், துறையை அதன் ‘உட்தலைப்பு’ என்றும் எழுதும் வழக்கம் இன்று பரவியுள்ளது. இவ்வழக்கம் பாட்டின் பொருளைக் குறைப்பதோடு, கல்வெட்டுச் சான்றுகளையும் தவறாகப் படிக்கச் செய்கின்றது என்பதை ‘ஆகோள்’ என்னும் ஒரு சொல்லைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

1. திருவரங்குளமும் பொற்பனைக்கோட்டையும்

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடிக்குச் செல்லும் வழியில் திருவரங்குளம் என்னும் பழம்பதி உள்ளது. அங்குக் கோயில்கொண்ட இறைவனை அரதீர்த்தேசுவரர் என வடமொழியில் வழங்குவர். ஊர்ப்பெயரை ‘அரன் குளம்’ எனப் பிரித்துக் கொண்டமையின் விளைவே இப்பெயர் எனத் தோன்றுகின்றது. பெயர் ஒன்று, அதற்குப் பின்வந்தோர் கண்ட பொருள் மற்றொன்று. நாளடைவில் பின்னது முன்னதன்மேல் படிந்து, இரண்டும் ஒன்றெனவே கருதப்படும் நிலை உண்டாகின்றது. இலக்கியச் சொற்களுக்கும் இந்நிலை உண்டு என்பதற்கே இதனை எடுத்துக்காட்டினோம்.

இப்பதியின் தலவரலாற்றில் பேசப்படும் பொற்பனை, அணித்தே உள்ள பொற்பனைக்கோட்டையின் பெயரிலும் விளங்குகின்றது. அக்கோட்டையில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தார் 2021ஆம் ஆண்டிலும், தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறையினர் 2023ஆம் ஆண்டிலும் அகழாய்வு தொடங்கினர். சங்க காலத்ததாகக் கருதப்படும் அக்கோட்டைப் பகுதியில் தமிழி எழுத்துப் பொறித்த நடுகல் ஒன்றும் கண்டறியப்பட்டது. இதற்கு முன்னரே, 2006ஆம் ஆண்டில், தேனி மாவட்டத்து வையைக்கரை ஊராகிய புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழி எழுத்துடைய நடுகற்களைக் கண்டனர். அவற்றுள் ஒன்றில் ‘ஆகோள்’ என்னும் சொல்லே பொறிக்கப்பட்டுள்ளது.

தொல்காப்பியப் புறத்திணையியலிலும் வெட்சித்துறைகளுள் ஒன்றாக ஆகோள் எண்ணப்படுகின்றது. எனவே ‘வெட்சித்திணைக்குக் கல்லிலே சான்று கிடைத்தது’ என்று பலரும் மகிழ்ந்து எழுதலாயினர். மகிழ்ச்சி தக்கதே. ஆயினும் கிடைத்தது எதற்குச் சான்று என்பது தனியே ஆராயத்தக்கது.

2. நூல் கூறுவது

திணை, துறை என்பவற்றின் உறவை முதற்கண் தெளிதல் வேண்டும். துறை என்பது நீர்நிலையில் மக்கள் இறங்கும் இடம். குளம் ஒன்றேயாயினும் இறங்கும் துறை பல. எத்துறையில் இறங்கினும் எய்துவது ஒரே நீர். புறத்திணைக்கும் துறைக்கும் உள்ள உறவை இவ்வுவமையால் உணரலாம். திணை ஒழுகலாற்றின் முழுமை. துறை அவ்வொழுகலாற்றுள் புலவன் இறங்கிய இடம். ஆதலின் துறை திணையின் துண்டு அன்று. அதற்குரிய வாயில் என்க.

தொல்காப்பியர் புறத்திணைகளை ஏழெனக் கொண்டார். நிரை கவர்தலும் அதனை மீட்டலும் அவர்க்கு வெட்சி என்னும் ஒரு திணையுள்ளேயே அடங்குவன. கவர்தலுக்கு ஆகோள் என்றும், மீட்டலுக்கு ஆபெயர்த்துத் தருதல் என்றும் வேறு வேறு துறைகளை அவர் அமைத்தார். கரந்தை என்னும் பெயரையும் அவர் அறிவார். அதனைத் தனித்திணை ஆக்கிற்றிலர். எனவே கவர்வோர், மீட்போர் என்னும் வேறுபாடு அவர் நூலில் துறையளவில் உண்டு, திணையளவில் இல்லை.

பிற்காலத்ததாகிய புறப்பொருள் வெண்பாமாலையோ பன்னிரு படலமாக விரிகின்றது. அங்கு வெட்சி கவர்வோர்க்கும், கரந்தை மீட்போர்க்கும் உரியன. ஐயனாரிதனார் ஆகோளை வெட்சிப் படலத்துள் நிறுத்தினார். சொல் மாறிற்றில்லை, அது நின்ற இடம் மாறிற்று. இடம் மாறவே பொருளின் எல்லையும் சுருங்கிற்று. தொல்காப்பியத்தில் ஆகோள் இருதிறத்தாரையும் உட்கொண்ட ஒரு பூசலின் உறுப்பு. வெண்பாமாலையில் அது ஒருதிறத்தார் செயலாகவே நிற்பது.

காஞ்சி என்னும் பெயரில் இம்மாற்றம் இன்னும் தெளிவாக விளங்கும். தொல்காப்பியத்தில் காஞ்சி நிலையாமை நுவல்வது. வெண்பாமாலையில் அது படையெடுத்து வந்தானை எதிர்நின்று காத்தல். ‘இது காஞ்சித்திணைப் பாட்டு’ என ஒருவர் எழுதின், எந்நூல்வழிக் காஞ்சி என்று வினவுதல் நம் கடமையாகின்றது.

3. கல் கூறுவது

இனிக் கல்லை நோக்குவாம். புலிமான்கோம்பைக் கல் ஒருவன் பெயரையும், கூடலூர் என்னும் ஊர்ப்பெயரையும், ஆகோள் என்னும் நிகழ்ச்சியையும் சில சொற்களால் சுட்டி அமைகின்றது. அவன் நிரை கவரச் சென்று பட்டானா, கவர்ந்தாரை எதிர்த்துப் பட்டானா என்பதை அது கூறவில்லை. வெட்சி என்ற பெயரோ கரந்தை என்ற பெயரோ அதில் இல்லை.

துறைப்பெயரை அளவுகோலாகக் கொண்டு நோக்குவோர், ‘ஆகோள் வெட்சித்துறை, எனவே இவன் வெட்சி மறவன்’ என முடிவு செய்வர். இம்முடிவு கல்லிலிருந்து பெறப்பட்டதன்று. நூலிலிருந்து கல்லின்மேல் ஏற்றப்பட்டது. ஊரார் வழக்கில் ஆகோள் என்பது இருதிறத்தாரும் மோதிய முழு நிகழ்ச்சிக்கும் பெயராக வழங்கியிருத்தல் கூடும். ஓர் ஊரில் நிகழ்ந்த பூசலை அவ்வூர்ப் பெயரோடு சேர்த்துக் குறித்தபோது, பக்கம் இன்னதென விளக்கும் தேவை அக்கால மக்கட்கு இல்லை. இறந்தான் யாரென்பதை அவர் அறிவர். இவ்வாறு கொள்ளின், இருவினையையும் ஒரு திணையுள் அடக்கிய தொல்காப்பியரின் பகுப்பு கல்லின் வழக்கோடு நன்கு பொருந்துகின்றது. எனினும் பொருத்தம் வேறு, நிறுவுதல் வேறு. இக்கல்லைக் கொண்டு தொல்காப்பியத்தின் காலத்தை அறுதியிடலும், தொல்காப்பியத்தைக் கொண்டு இம்மறவன் பக்கத்தை அறுதியிடலும் ஒருங்கே செய்யின், ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இரு கருதுகோள்களே எஞ்சும், சான்று எஞ்சாது.

பல்லவர் கால நடுகற்களை இதனோடு ஒப்பிடுதல் பயன்தரும். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட செங்கம் நடுகற்கள் என்னும் தொகுப்பில் ஆநிரையைக் குறிக்கத் ‘தொறு’ என்னும் சொல் பயில்கின்றது. தொறுக் கொண்டதும் தொறு மீட்டதும் அங்கு வேறு வேறாகச் சுட்டப்படும். அரசன் பெயரும் ஆட்சியாண்டும் பொறிக்கும் மரபு வளர்ந்த காலத்தில், பட்டவன் செய்த செயலைப் பிரித்துரைக்கும் தேவையும் வளர்ந்தது போலும். கரந்தையைத் தனித்திணையாக்கிய இலக்கண மரபோடு இதனை இணைத்து நோக்கலாம். ஒன்றன் காரணமாக மற்றொன்று எழுந்தது எனத் துணிதற்கு இடமில்லை.

4. நடுகல்லின் இடப்பெயர்ச்சி

நடுகல்லுக்குரிய துறைகளும் இவ்வாறே இடம்பெயர்ந்தன. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்னும் ஆறனையும் தொல்காப்பியர் வெட்சியின் வழியே கூறினார். வெண்பாமாலை நடுகல் துறைகளைப் பொதுவியற் படலத்துள் வைத்தது. நிரைப்பூசலில் பட்டார்க்கேயன்றிப் பிற போர்களில் வீழ்ந்தார்க்கும் கல் எடுக்கப்படுதலின், பொதுவில் வைத்தது வழக்கோடு இயைந்ததே. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்நீத்தான், போரில் பட்டானல்லன். அவனுக்கு நட்ட கல்லைப் பொத்தியார் பாடிய புறநானூற்று 221ஆம் பாட்டிற்குப் பொதுவியல் என்றே திணை வகுக்கப்பட்டுள்ளது. இத்திணை துறைக் குறிப்புகள் பாடிய புலவர் எழுதியன அல்ல, பின்னர்ச் சேர்க்கப்பட்டன என்பதும் ஈண்டு நினைக்கத்தகும்.

சிலப்பதிகார வஞ்சிக்காண்டத்தில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்பன காதைகளின் பெயர்களாகின்றன. மறவனுக்குரிய சடங்குமுறை பத்தினிக்கு உரியதாகிறது. வழிப்பக்கத்துக் கல் கோட்டத்துத் தெய்வமாகிறது. இளங்கோவடிகள் இப்பெயர்களை வாளா எடுத்துக்கொண்டாரல்லர். மறவனுக்குச் செய்யும் சிறப்பு அனைத்தும் கண்ணகிக்குச் செய்யப்பட்டது என்பதைக் காதைப் பெயரே உணர்த்துகின்றது. துறைப்பெயரை வெறுந்தலைப்பாகக் கொள்வார்க்கு இந்நயம் புலப்படாது.

அகத்திலும் நடுகல் வருகின்றது. அகநானூற்று 67ஆம் பாட்டில், பெயரும் பெருமையும் எழுதிய கற்கள் பாலைவழியில் நிற்கின்றன. புறநானூற்று 264ஆம் பாட்டிலும் பெயர் பொறித்த கல் உண்டு. பொருள் ஒன்றே. ஆயின் முன்னதில் அது தலைவன் செல்லும் சுரத்தின் அச்சத்தையும் தலைவியின் கலக்கத்தையும் மிகுவிப்பது. பின்னதில் இறந்த தலைவனை நினைந்து ஏங்குதற்கு நிலைக்களம். திணை என்பது பாடுபொருளாயின் இவ்விரண்டும் ஒரு திணையாதல் வேண்டும். ஆகாமையின், பாடப்பட்ட பொருளைக் கொண்டு திணை அமைவதில்லை. அப்பொருளைத் தாங்கிய ஒழுக்கத்தைக் கொண்டே அமைகின்றது என்பது தெளிவாம்.

5. முடிபு

மேற்கூறியவற்றால் ஆகோள் போன்ற ஒரு சொல்லுக்கு மூவகை நிலை உண்டெனக் கண்டோம். மக்கள் வழக்கில் அது நிகழ்ச்சியின் பெயர். இலக்கண நூலில் ஓர் அமைப்பினுள் நின்று பொருள் தரும் உறுப்பு. பாட்டின் அடிக்குறிப்பில் தொகுத்தோர் அல்லது பின்வந்தோர் கொண்ட கருத்து. மூன்றும் ஒலியால் ஒன்று. சான்றின் தன்மையால் வேறு.

ஆதலின் ஆராய்ச்சி மாணவர் துறைப்பெயரை ஆளுமிடத்து எந்நூல் வழக்கு என்பதைக் குறித்தல் வேண்டும். புறநானூற்றின் திணை துறைக் குறிப்பைப் புலவன் கூற்றாகக் கொள்ளாது, பழைய வாசகர் ஒருவரின் மதிப்புமிக்க கருத்தாகக் கொள்ளல் வேண்டும். கல்லில் கண்ட சொல்லை முதற்கண் கல்லின் சொற்றொடர்க்குள் வைத்தே பொருள்கொண்டு, அதன்பின் நூலோடு ஒப்பிடல் வேண்டும்.

பொற்பனைக்கோட்டை போன்ற இடங்களில் அகழாய்வாளர் நிலத்தை அடுக்கடுக்காகப் பிரித்து, மேலடுக்கின் பொருள் கீழடுக்கின் பொருளோடு கலவாதவாறு குறித்து வைக்கின்றனர். சொல்லிலும் அத்தகைய அடுக்குகள் உள. அவற்றைக் கலந்துவிட்டபின் எத்துணைக் கற்கள் கிடைப்பினும் அவை நாம் முன்னரே நம்பியதையே நமக்குத் திருப்பிச் சொல்லும். பிரித்தறிந்து படிப்பின், பெயரும் ஊரும் ஒரு பூசலும் மட்டுமே சொல்லி நிற்கும் சிறு கல்லும் நாம் அறியாத ஒன்றை அறிவிக்கும்.