எரிந்த ஏடுகளும் எஞ்சிய நினைவும்

வரலாறு எழுதுவோர்க்குச் சான்று இன்றியமையாதது. சான்றில்லாக் கூற்று கதையாகிவிடும் என்பர். இக்கருத்து ஏற்கத்தக்கதே. ஆயினும், ஒரு சமயச் சமூகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர், அச்சமூகத்தின் சான்றுகள் யாரிடம் இருந்தன, அவற்றுக்கு என்ன நேர்ந்தது என்பவற்றையும் ஆராய்தல் கடனாகும். கேரளத்துத் தோமையார் கிறித்தவர்களைப் பற்றிய திருச்சபை வரலாற்று நூல்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

இயேசுவின் சீடராகிய தோமையார் கி.பி. 52இல் மலையாளக் கரையில் வந்திறங்கினார் என்பது இம்மக்களின் வழிவழி நம்பிக்கை. அக்காலத்து ஆவணம் எதுவும் இதற்குக் கிடைக்கவில்லை. கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்குக் கி.பி. 849இல் வழங்கப்பெற்ற, வட்டெழுத்தில் பொறித்த செப்பேடுகள் இவர்களைப் பற்றிய உறுதியான பழஞ்சான்றுகளுள் தலையாயவை. இடைப்பட்ட காலத்தைப் பெரும்பாலும் பாட்டும் கதையும் குடும்ப மரபுமே நிரப்புகின்றன.

கோவாவின் பேராயர் மெனேசஸ் 1599இல் உதயம்பேரூரில் திருச்சபைச் சங்கம் ஒன்றைக் கூட்டினார். இம்மக்களின் சிரியாக் மொழி நூல்கள் பலவற்றைத் திருத்தவும் எரிக்கவும் அச்சங்கம் ஆணையிட்டது, ஏடுகள் தீக்கிரையாயின. இந்நிகழ்ச்சிகளை விரிவாக எழுதியவர் அந்தோனியோ டி கொவேயா என்னும் துறவி. 1606இல் வெளிவந்த அவரது போர்த்துகீசிய நூல், பேராயரின் பயணத்தையும் உழைப்பையும் புகழ்ந்துரைப்பது. செய்திகள் நிரம்பிய அந்நூலை எவரும் ஒதுக்க இயலாது. ஆனால், அதில் பேசுபவர் வென்றவர் தரப்பினர். மலையாளக் கிறித்தவர்கள் திருத்தப்பட வேண்டியவர்களாகவே அதில் வந்து நிற்கின்றனர். அதனை ஆவணம் என்று உயர்த்தி, மக்கள் கூறுவதை வெறும் நினைவு என்று தாழ்த்துதல் நடுநிலையாகாது. அதுவும் ஒரு தரப்பின் நினைவே, அச்சேறிய நினைவு. ஏட்டை எரித்தபின் ‘ஏடு எங்கே?’ என வினவுதல் எவ்வாறு முறையாகும்?

எனினும், ஏடு எரிந்தமையாலேயே வாய்மொழி அனைத்தும் மெய்யாகிவிடாது. 1653ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் மட்டாஞ்சேரியில் மக்கள் மேற்கொண்ட ‘கூனன் குரிசு’ச் சூளுரையை நோக்குக. சிலுவையில் கயிறு கட்டி, அதனைப் பற்றி நின்று சூளுரைத்தனர் என்பது மரபு. அச்சூளுரை யாரை எதிர்த்தது? இயேசு சபையினரையும் அவர்களைச் சார்ந்த பேராயரையும் எதிர்த்ததேயன்றி உரோமையை எதிர்த்ததன்று என்பர், உரோமையோடு இணைந்திருப்போர். உரோமைத் தலைமையையே துறந்தது அது என்பர், பிரிந்து நின்றோர். நிகழ்ச்சி ஒன்று; நினைவு இரண்டு. இன்று தாம் யார் என்பதற்கேற்பவே ஒவ்வொரு பிரிவினரும் அன்று நடந்ததை உரைக்கின்றனர். அன்று நடந்தது யாது என்பதற்கு இந்நினைவுகள் முழுச்சான்றாகா. ஆனால், பின்னர் ஓர் அடையாளம் எவ்வாறு உருவாயிற்று என்பதற்கு இவற்றினும் சிறந்த சான்று அரிது.

பாறேம்மாக்கல் தோமாக் கத்தனார் 1778 முதல் 1786 வரை மேற்கொண்ட உரோமைப் பயணத்தை ‘வர்த்தமானப் புத்தகம்’ என மலையாளத்தில் எழுதினார். உரோமைத் திருச்சபைக்குள் இருந்துகொண்டே, தம் மக்களைத் தம்மவரே வழிநடத்த வேண்டும் என்று அதில் வாதிட்டார். அவரும் ஒரு தரப்பினரே. ஆயினும், பிறரால் எழுதப்பட்ட சமூகம் தன்னைத் தானே எழுதிக்கொண்ட சிறப்பு அந்நூலுக்கு உண்டு. நெடுங்காலம் கையெழுத்துப் படியாகக் கிடந்த அது, இருபதாம் நூற்றாண்டிலேதான் அச்சேறியது.

இவ்விருவகை எழுத்தையும் வாய்மொழி மரபையும் ஒருசேர எடைபோட்ட ஆய்வாளர்களுள் மத்தியாஸ் முண்டாடன் குறிப்பிடத்தக்கவர். மரபுகளைத் தொகுத்து, ஆவணங்களோடு ஒப்பிட்டு, ஐயத்திற்குரியதை ஐயமாகவே நிறுத்தும் முறை அவருடையது. திருச்சபை வரலாற்றுக்கு அதுவே ஏற்ற நெறி.

நம் மாணாக்கர் ஓர் ஆலயத்தின் வரலாற்றையோ ஓர் ஊரின் வரலாற்றையோ எழுத முற்படுங்கால், மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளப் பழக்குதல் வேண்டும்: இதனை உரைத்தவர் யார்? யாருக்காக உரைத்தார்? யாருடைய குரல் இதில் இல்லை? மூன்றாம் வினாவுக்கு விடை தேடாத வரலாறு, எத்துணைச் சான்று காட்டினும் குறையுடையதே.