கோவையில் ஆடப்பட்ட 43 புள்ளிகள்

திருவெறும்பூரிலும் கைலாசபுரம் டவுன்ஷிப்பிலும் துவாக்குடி விடுதிகளிலும், இத்தாலியின் சீரி ஏ ஆட்டங்களை நள்ளிரவு தாண்டி விழித்திருந்து பார்க்கும் ரசிகர்கள் உண்டு. யுவெண்டஸ் ஏன் சரிந்தது, இண்டர் எப்படி எழுந்தது என்று அவர்கள் அலசுவதில் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை இன்னொரு சீசன் மீதும் திருப்பச் சொல்லித்தான் இந்தக் கட்டுரை. இங்கிருந்து பஸ் ஏறினால் ஐந்து மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய கோயம்புத்தூரில், நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாகக் கொண்டு, சென்னை சிட்டி எஃப்சி என்ற அணி 2018 அக்டோபர் முதல் 2019 மார்ச் வரை ஐ-லீகில் ஆடிச் சாம்பியன் ஆனது. அதற்கு முந்தைய சீசனில் 10 அணிகளில் 8-ஆவதாக வந்த அணி அது. தமிழ்நாட்டில் கிளப் கால்பந்து எட்டிய உச்சம் அந்த சீசன்தான் என்பது என் கட்சி. கோப்பை வந்தது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அது வென்றெடுக்கப்பட்ட விதத்துக்காகச் சொல்கிறேன்.

உச்சம் என்றதும் பலருக்கும் சென்னையின் எஃப்சிதான் நினைவுக்கு வரும். 2006 உலகக் கோப்பையை வென்ற இத்தாலிய அணியின் மார்கோ மாட்டராஸி பயிற்சியாளராக இருக்க, அந்த அணி 2015-இல் ஐஎஸ்எல் கோப்பையை வென்றது. 2018-இல் மறுபடியும் வென்றது. இரண்டும் பெருமைக்குரிய வெற்றிகள். ஆனால் 2015-இல் லீக் பட்டியலில் சென்னையின் எஃப்சிக்கு மூன்றாம் இடம். 2018-இல் இரண்டாம் இடம். அரையிறுதி, இறுதி என்று வைத்ததால் கோப்பை கைக்கு வந்தது. நாக்-அவுட் என்பது ஒரு மாலை நேரத்துத் துணிச்சலைச் சோதிக்கிறது. ஒருவர் சூடாக இருந்தால் போதும், கதை மாறிவிடும். லீக் சோதிப்பது வேறொன்றை. காயம், பயணம், மழை, சோர்வு எல்லாவற்றையும் தாண்டி ஓர் அணி தன் ஆட்ட முறையை ஆறு மாதம் கைவிடாமல் இருக்கிறதா என்று அது பார்க்கிறது. ஒரு கோல் அழகாக இருக்கலாம், ஓர் ஆட்டமும் அழகாக இருக்கலாம். கால்பந்தில் முழுமையான படைப்பு என்று ஒன்று உண்டென்றால் அது சீசன். இத்தாலியர்கள் சீரி ஏ பட்டமான ஸ்குடெட்டோவை அப்படித்தான் மதிக்கிறார்கள்.

அந்தக் கண்ணோடு 2018-19 ஐ-லீக் பட்டியலைப் பாருங்கள். 11 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 20 ஆட்டங்கள். சென்னை சிட்டிக்கு 13 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி. மொத்தம் 43 புள்ளிகள். இரண்டாம் இடத்தில் 42 புள்ளிகளோடு கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால். ரசனைக்குரிய இடம் புள்ளிகளுக்குப் பக்கத்துக் கட்டத்தில் இருக்கிறது. சென்னை சிட்டி அடித்தது 48 கோல், வாங்கியது 28. ஈஸ்ட் பெங்கால் அடித்தது 37, வாங்கியது 20. அதாவது சாம்பியன் அணி, தோற்ற போட்டியாளரைவிட எட்டு கோல் கூடுதலாக வாங்கியிருக்கிறது. பின்வரிசையைப் பூட்டிக்கொண்டு ஒன்றுக்குச் சைபர் என்று புள்ளி சேர்த்த அணி இல்லை இது. சிங்கப்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ், பந்தைத் தரையில் வைத்து, கோல்கீப்பரின் காலிலிருந்தே பாஸ் செய்து முன்னேறும் ஆட்டத்தைக் கொடுத்தார். இந்த முறையில் ஒரு பாஸ் பிசகினால் நம் கோல் பக்கம் ஆளில்லாமல் திறந்து கிடக்கும். அந்த 28 கோலில் இந்த ஆபத்தின் விலையும் அடங்கியிருக்கிறது. விலை தெரிந்தும் கொடுத்தார்கள். சாண்ட்ரோ ரோட்ரிகஸ் கீழே இறங்கி வந்து பந்தை வாங்கிக்கொள்வார். நெஸ்டர் கோர்டில்லோ எதிரணியின் நடுக்களத்துக்கும் பின்வரிசைக்கும் நடுவில் இருக்கும் சந்தில் நின்று திரும்புவார். அந்தத் திருப்பத்தை எதிர்பார்த்துப் பெட்ரோ மான்சி ஓடத் தொடங்கியிருப்பார். மான்சி அந்த சீசனில் அடித்தது 21 கோல். சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் அதே 21 அடித்து அவரோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். அணியின் 48-இல் மான்சிக்குப் போக மீதி 27 மற்றவர்களிடமிருந்து வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு இணை தேடினால் 1984-85 சீரி ஏ-வில் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டு இத்தாலியில் யார்தான் இல்லை? யுவெண்டஸில் பிளாட்டினி, நாப்போலிக்கு அப்போதுதான் வந்து சேர்ந்த மாரடோனா. அவர்கள் எல்லோரையும் விட்டுவிட்டு ஸ்குடெட்டோ போய்ச் சேர்ந்தது வெரோனாவுக்கு. ஒஸ்வால்டோ பாக்னோலியின் அணியில் ஃபான்னா, கால்டெரிஸி போன்றவர்கள் யுவெண்டஸில் நிலைத்து ஒளிவிட முடியாமல் வந்தவர்கள். வெளிநாட்டவர் இருவர்: ஜெர்மனியின் பிரீகல், டென்மார்க்கின் எல்கியேர். 1984 அக்டோபரில் யுவெண்டஸுக்கு எதிராக எல்கியேர் அடித்த கோலை இன்றும் போட்டுப் பார்க்கிறார்கள். இடது ஓரத்தில் பந்தோடு பாய்கிறார். தடுக்க வந்தவரின் காலில் சிக்கி அவருடைய பூட் கழன்றுவிடுகிறது. நிற்கவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை, உள்ளே வெட்டி, பூட் இல்லாத காலாலேயே வலைக்குள் அடிக்கிறார். வெரோனா அந்த சீசனில் 30 ஆட்டங்களில் 15 வென்று, 13 டிரா செய்து, இரண்டில் மட்டும் தோற்றது. வெற்றிக்கு இரண்டு புள்ளி என்ற அந்தக் காலக் கணக்கில் அதுவும் 43 புள்ளிகளே. அவர்கள் அடித்தது 42, வாங்கியது 19. ஆட்டத்துக்குச் சராசரி 1.4 கோல் அடித்து இத்தாலியில் சாம்பியன் ஆகிவிட முடிந்தது; கோவையில் சாம்பியன் ஆன அணியோ சராசரி 1.4 கோல் வாங்கியது. புள்ளி ஒன்று, கலை இரண்டு. பூட்டுவதில் தேர்ந்தது ஒன்று, திறப்பதில் தேர்ந்தது மற்றொன்று. எனக்குப் பிடித்தது திறக்கும் கலை. பூட்டுவதைப் பழக்கத்தால் கற்றுவிடலாம். இரண்டு கோல் வாங்கிய பிறகும் அடுத்த பாஸை முன்னால் போடுவதற்கு நம்பிக்கை வேண்டும்.

அதிர்ஷ்டம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. வெரோனா வென்ற ஆண்டில் நடுவர்களைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். பெரிய அணிகளுக்குச் சாதகம் கிடைக்காததால்தான் சிறிய அணி வென்றது என்று அங்கே சொல்வார்கள். இங்கேயும் கடைசி நாள்வரை இழுத்து, ஒரே புள்ளியில் வென்றதைக் காட்டுகிறார்கள். 2019 மார்ச் தொடக்கத்தில் கோவாவில் சர்ச்சிலிடம் 2-3 என்று தோற்றதால் விஷயம் மார்ச் 9-க்குப் போனது உண்மைதான். அன்று கோவையில் எதிரணி மினர்வா பஞ்சாப், நடப்புச் சாம்பியன். மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா கோல் அடித்தது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலத்தோடு ஆடிக்கொண்டிருந்தது. ஈஸ்ட் பெங்கால் வென்றால், சென்னை சிட்டிக்கு டிராகூடப் போதாது. இடைவேளை வரை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மான்சியின் பெனால்டி, அதன் பிறகு தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா அடித்த இரண்டு கோல்கள், 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் 2-1 என்று வென்றே விட்டது, ஆனாலும் எட்ட முடியவில்லை. திருவெறும்பூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். எறும்பீஸ்வரர் மலையில் எண்ணெய் வழுக்கியும் விடாமல் ஏறிய எறும்புகளுக்காகத்தான் இறைவன் தலை சாய்த்தார் என்கிறது தலபுராணம். அடிவாரத்திலேயே நின்றவர்களுக்குச் சாய்க்கவில்லை. கடைசி நாளில் காற்று நம் பக்கம் வீசியிருக்கலாம். அது வீசும்போது 19 ஆட்டங்களில் சேர்த்த 40 புள்ளிகளோடு அங்கே நின்றிருந்தது ஓர் அணிதான்.

சாண்ட்ரோ, கோர்டில்லோ, மான்சி என ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள் வாங்கித் தந்த கோப்பை, இதில் தமிழ்நாட்டுக்கு என்ன பங்கு என்ற கேள்வி இன்னும் கனமானது. கோல் கணக்கை மட்டும் பார்த்தால் அது சரியாகவே படும். ஆனால் மான்சிக்குப் பந்து வந்த வழியைப் பின்னோக்கிப் பிடித்துப் போனால் எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்ஸாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித் குமார், பிரவிட்டோ ராஜு என்ற பெயர்கள் வரும். வெளிநாட்டவரை ஒன்று சேர்த்துவிட்டு உள்ளூர்ப் பையன்களைப் பந்து பொறுக்க விடவில்லை நவாஸ். கடினமான பாஸை அவர்களையும் போடச் சொன்னார். விளைவு வெளிப்படை. எட்வின் சென்னையின் எஃப்சிக்கும், ரொமாரியோ எஃப்சி கோவாவுக்கும், அஜித் பெங்களூரு எஃப்சிக்கும் போனார்கள். ஒப்புக்கு அணியில் வைத்துக்கொண்ட ஆட்டக்காரர்களை ஐஎஸ்எல் அணிகள் தேடி வந்து எடுக்காது. ஸ்பெயினிலிருந்து வந்தவர்களும் அங்கே பெரும்பாலும் கீழ்ப்பிரிவுகளில் ஆடியவர்கள்தான். ஃபான்னாவையும் கால்டெரிஸியையும் பாக்னோலி எடுத்ததுபோல, பிறர் கண்ணில் படாத திறமையைத் தேடி எடுத்த செயல் இது. பணத்தால் முடிவது போல் தெரியும், ஆனால் கண் இல்லாமல் முடியாது.

ஐ-லீகே அப்போது இரண்டாம் தரமாகிவிட்டது என்பார்கள். விளம்பரத்திலும் தொலைக்காட்சி நேரத்திலும் ஐஎஸ்எல் முந்திவிட்டது, மறுப்பதற்கில்லை. ஆனாலும் அந்த ஐ-லீக் சாம்பியன் என்ற தகுதியில்தான் 2020 ஆசிய சாம்பியன்ஸ் லீகின் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியைச் சென்னை சிட்டி சந்தித்தது. 0-1 என்று தோற்றது. சொந்த ஆட்டமென்ற பெயரில் அது நடந்த இடம் அகமதாபாத். கோவை ரசிகனுக்கு அந்த ஆட்டம் கிடைக்காமல் போனது பெரிய வருத்தம். 2021-க்குப் பிறகு ஐ-லீகில் சென்னை சிட்டியே இல்லை. அணி நிலைக்காததால் சீசனும் நிலைக்காது என்ற முடிவுக்கு இதை வைத்து வருகிறார்கள். வெரோனா கோப்பை வென்று ஐந்தே ஆண்டில், 1990-இல், இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அதற்காக யாரும் 1984-85-ஐ அழித்துவிடவில்லை. அங்கே எழுதினார்கள், பேசினார்கள், அந்த பூட் இல்லாத கோலைப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். இங்கே 2019 மே மாதம் மதுரையின் சேது எஃப்சி பெண்கள் இந்திய மகளிர் லீகை வென்றார்கள். இரண்டரை மாத இடைவெளியில் ஆண்கள், பெண்கள் என இரண்டு தேசிய லீக் பட்டங்கள் ஒரே மாநிலத்துக்கு வந்தன. அதைச் சேர்த்துக் கொண்டாடிய பேச்சு எத்தனை பேர் காதில் விழுந்தது?

அந்த சீசனைப் பார்க்க நினைப்பவர்கள் மார்ச் 9-இன் கடைசி ஆட்டத்தில் தொடங்க வேண்டாம். 2018 அக்டோபர் 26-இல் இந்தியன் ஏரோஸுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் தொடங்குங்கள். மான்சியின் மூன்று கோல்களோடு 4-1 என்று முடிந்தது அது. கோல்களை ஓட்டிப் பார்த்துவிட்டு நகராமல், ஒவ்வொரு கோலுக்கும் முந்தைய ஐந்தாறு பாஸ்களை யார் போட்டார்கள் என்று பார்த்துக்கொண்டே வாருங்கள்.