யன்னலோரத்து முகம்: டென்மார்க் வெளிச்சத்தில் ஒரு கைபேசியை ரசித்துத் தேர்வது எப்படி?

டிசம்பர் கடைசியில் டென்மார்க்கில் பகல் ஏழு மணி நேரம்தான். காலை ஒன்பதுக்குக் கிட்ட விடிந்து, பின்னேரம் நாலு மணிக்கு முன்னரே இருண்டுவிடும். அந்த ஏழு மணி நேரத்திலும் பெரும்பாலான நாட்களில் வெயில் இராது. ஈரத் துணியைப் போர்த்தியதுபோல ஒரு சாம்பல் வானம் மட்டும் இருக்கும். அப்படியொரு நாளில் அம்மா யன்னலோரம் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். புதிதாக வாங்கிய போனால் ஒரு படம் எடுத்தேன். யன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக் கூரையின் ஓடுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்போல இருந்தது. அம்மாவின் முகம் மட்டும் திருநீற்றை அள்ளிப் பூசியதுபோல வெளிறிக் கிடந்தது. நெற்றிச் சுருக்கம் மழுங்கியிருந்தது, கன்னத்து மச்சத்தைக் காணவில்லை. பெட்டியில் 108 மெகாபிக்சல் என்று பெரிதாக அச்சடித்திருந்த போன் அது.

அன்றிலிருந்து எந்தப் போனைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். இந்த நாட்டு வெளிச்சத்தில், எங்கள் நிறத்து முகம், யன்னலோரம் எப்படி வருகிறது? மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

போனைப் பார்ப்பதற்கு முன் கண்ணைப் பழக்கவேண்டும். அதற்கு இந்த நாட்டில் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கொப்பன்ஹேகனில் உள்ள அரச கலைக்கூடத்துக்கோ ஹிர்ஷ்ஸ்ப்ருங் சேகரிப்புக்கோ ஒரு நாள் போங்கள். வில்ஹெல்ம் ஹம்மர்ஷோய் என்ற ஓவியர் 1864இல் பிறந்து 1916இல் மறைந்தவர். ஸ்ட்ரான்கேட 30 என்ற முகவரியில் குடியிருந்த வீட்டின் அறைகளையே திரும்பத் திரும்ப வரைந்தார். வெறும் சுவர், ஒரு கதவு, யன்னலால் விழும் ஒளி, முதுகு காட்டி நிற்கும் மனைவி ஈடா. தூரத்தில் நின்று பார்த்தால் எல்லாமே சாம்பல். பத்து நிமிடம் நின்றால் அந்தச் சாம்பலுக்குள் பச்சை ஓடுகிறது, ஊதா ஓடுகிறது, சுவரின் மூலை இருளுக்குள் மெல்ல இறங்குகிறது. எந்த இடத்திலும் இருட்டு ஒரேயடியாகக் கறுப்பாகிவிடுவதில்லை.

அந்த மெல்லிய இறக்கத்தைத்தான் ஒரு நல்ல கமெராவிடம் தேடவேண்டும். கமெராவுக்குள் ஒளியைப் பதியும் உணரி மலிவானதாக இருந்தால் நிழலைக் கண்டதும் திணறும். நிழற்பகுதியில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் எழும்பும், அவற்றை மறைக்க மென்பொருள் எல்லாவற்றையும் மெழுகுபோல வழித்துவிடும். ஆகவே போன் கடையில் வெளிச்சம் கொட்டும் மேசையில் வைத்துப் படம் எடுத்துப் பார்த்துப் பயனில்லை. கூட வந்தவரை வாசல் கண்ணாடிக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லி எடுங்கள். பிறகு படத்தை விரலால் விரித்துப் பாருங்கள். வெளியே வானம் வெறும் வெள்ளையாகப் போகாமலும் கறுத்த ஜக்கெற்றின் மடிப்புகள் தெரியும்படியும் வந்திருந்தால் அந்தக் கமெராவுக்கு மேற்கொண்டு நேரம் செலவழிக்கலாம்.

இனி முகம். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. படச்சுருள் காலத்தில் கொடாக் நிறுவனம் ஒளிப்படக் கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பார். அவரது தோல் நிறம் சரியாக வரும்வரை இயந்திரத்தைத் திருத்துவார்கள். ‘ஷேர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். கறுத்த தோல் எப்படி அச்சாகிறது என்று பல பத்தாண்டுகள் யாரும் கேட்கவில்லை. எண்பதுகளில் இந்த நாட்டுக்கு வந்த எங்கள் ஆட்களின் முதல் பனிக்காலப் படங்கள் வீட்டு அல்பங்களில் இருக்கும், எடுத்துப் பாருங்கள். வெண்பனி பளீரென்று இருக்கும். அதன் நடுவே பல்லும் கண்ணும் மட்டும் தெரியும் முகங்கள். சுற்றியிருக்கும் வெள்ளையைக் கண்டு கமெரா ஒளியைக் குறைத்துவிட்டது, பாதி காரணம் அது. மீதிப் பாதி, அந்த முகங்களை நினைத்து அந்தப் படச்சுருளை யாரும் செய்யவில்லை.

இன்றைய போன் ஒரு சொடுக்கில் பல படங்களை எடுத்து ஒன்றாக்குகிறது. எது முகம், எது வானம் என்று பிரித்தறிந்து தனித்தனியே ஒளியைக் கூட்டிக் குறைக்கிறது. கூகிள் 2021இல் பிக்சல் 6 போனோடு ‘ரியல் டோன்’ என்ற பெயரில் கறுத்த தோலுக்கான திருத்தங்களைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே எலிஸ் மங்க் என்ற சமூகவியலாளர் உருவாக்கிய பத்து நிலைத் தோல்நிற அளவுகோலையும் வெளியிட்டது. மற்ற நிறுவனங்களும் முன்னேறியிருக்கின்றன. ஆனாலும் பெயரை நம்பி வாங்காமல் உங்கள் வீட்டு முகத்தை வைத்தே பாருங்கள். பிழைகள் மூன்று விதமாக வரும். முகம் சாம்பலாகும், அல்லது செம்மஞ்சளாகும், அல்லது இரண்டு நிறம் வெளுத்துவிடும். மூன்றாவதைத்தான் சிலர் ‘நல்லா வந்திருக்கு’ என்று சொல்லி மகிழ்கிறார்கள். எனக்கு அது கவலையாக இருக்கிறது. இங்கே பிறந்த பிள்ளைகள் தங்கள் நிறத்தை முதலில் கண்ணாடியிலும் அடுத்து போனிலும்தான் பார்க்கிறார்கள். முகத்தை அழகாக்கும் அமைப்பு இருந்தால் அதை அணைத்துவிட்டுப் பிறகு சோதியுங்கள். அணைக்கவே முடியாவிட்டால் அந்தப் போன் வேண்டாம்.

வீட்டுக்குள் இன்னொரு சிக்கல் உண்டு. டெனிஷ்காரர் வெளிச்சத்தைப் பற்றி நிறைய யோசித்தவர்கள். போல் ஹென்னிங்சன் 1958இல் வடிவமைத்த பி.எச். 5 விளக்கு இன்றும் இங்கே எத்தனையோ சாப்பாட்டு மேசைகளுக்கு மேலே தொங்குகிறது. குமிழைக் கண்ணுக்குக் காட்டாமல் மஞ்சள் ஒளியை மட்டும் மேசையில் இறக்கும். யன்னலால் வருவதோ நீல ஒளி. இரண்டுக்கும் நடுவே இருப்பவரின் ஒரு கன்னம் நீலம், மறு கன்னம் மஞ்சள். இந்தக் கலவையைக் கமெரா எப்படிச் சமாளிக்கிறது என்று பார்ப்பது பெரிய ரசனை. நீலத்தை முழுதாகத் துடைத்துவிட்டால் குளிர்காலமே படத்தில் இராது. கொஞ்சம் விட்டுவைத்து, தோலை மட்டும் இயல்பாகக் காட்டும் கமெராதான் தேர்ந்தது.

கோடையில் ஹேர்னிங் சித்திவிநாயகர் கோயில் தேருக்குப் போகிறவர்களுக்கு அங்கேயே இன்னும் இரண்டு சோதனைகள் கிடைக்கும். ஒன்று, சிவப்புச் சேலை. கமெராவின் உணரியில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, கால்வாசிதான் சிவப்புக்கு. கடும் வெயிலில் அரக்குச் சிவப்புப் பட்டைக் கண்டதும் அந்தக் கால்வாசி நிரம்பி வழிந்துவிடும். மடிப்பும் நெசவும் மறைந்து, சிவப்புச் சாயம் ஊற்றியதுபோல ஒரு திட்டு மட்டும் மிஞ்சும். கரையில் சரிகை இழை தனித்தனியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் திரையில் சேலையைத் தொட்டு, ஒளியைச் சற்றுக் கீழே இழுத்து இன்னொன்று எடுங்கள். அப்போதாவது வந்தால் நல்ல கமெராதான், பழக்கிக்கொள்ளலாம். மற்றது, தவில்காரரின் கை. பொத்தானை அழுத்தும் கணத்துக்கும் படம் பதியும் கணத்துக்கும் இடையில் எவ்வளவு தாமதம் என்பதைத் தவில் காட்டிக்கொடுத்துவிடும். கை தோலில் விழும்போது அழுத்துகிறீர்கள், படத்தில் கை மேலே நிற்கிறது. காவடி ஆட்டத்திலும் இதே கதைதான். எனக்கு அதிக மெகாபிக்சலைவிடத் தாமதமில்லாத ஒரு பொத்தான் பெரிது. மண்டபத்துக்குள் எல்.இ.டி. விளக்கின்கீழ் வீடியோ எடுத்தால் பட்டை பட்டையாக இருள் ஓடுகிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மெகாபிக்சல் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 50 மெகாபிக்சல் கமெரா வழமையாக நாலு புள்ளிகளை ஒன்றாக்கி 12 மெகாபிக்சலில்தான் படம் தருகிறது. 12 மெகாபிக்சல் படத்தை ஏ4 தாளைவிடச் சற்றுப் பெரிதாகவே கூர்மை குறையாமல் அச்சிடலாம். சுவரில் மாட்டுவதற்கு அது தாராளம். உணரி எவ்வளவு பெரியது, கை நடுக்கத்தைத் தாங்கும் ஒளியியல் நிலைப்படுத்தி இருக்கிறதா, இந்த இரண்டையும் கேளுங்கள். ‘நூறு மடங்கு சூம்’ என்பதைக் காதில் போடவேண்டாம். தனி வில்லையால் வரும் மூன்று, ஐந்து மடங்குதான் உண்மையான சூம். அதற்கு மேலே வருவது படத்தை வெட்டிப் பெருப்பித்தது.

இரவுப் படத்துக்கும் ஓர் ஆசிரியர் இருக்கிறார். நாட்டின் வடமுனையில், இரு கடல்கள் சந்திக்கும் ஸ்கேகனில், பி. எஸ். குரோயர் 1893இல் ஓர் ஓவியம் வரைந்தார். கோடை மாலை, கடற்கரை, வெள்ளை உடையில் நடந்துபோகும் இரு பெண்கள். ஒருவர் அவரது மனைவி மரீ, மற்றவர் ஓவியர் அன்னா அன்கர். கடல் எது, வானம் எது என்று பிரிக்கமுடியாத ஒரு நீலம். ஜூன் மாதத்தில் பதினேழு மணி நேரத்துக்கு மேல் பகல் இருக்கும் இந்த நாட்டில், சூரியன் மறைந்த பிறகும் நெடுநேரம் அந்த நீலம் நிற்கும். ‘நீல நேரம்’ என்றே டெனிஷ்காரர் அதைச் சொல்வார்கள். ஸ்கேகன் அருங்காட்சியகத்தில் அந்த ஓவியத்தைப் பார்த்துவிட்டு, அதே மாலையில் கடற்கரைக்கு நடந்துபோய் உங்கள் போனை எடுங்கள். அதிக மென்பொருள் உள்ள போன் இரவைப் பட்டப்பகலாக்கிவிடும். மணலின் ஒவ்வொரு தடமும் தெரியும், மாலை மட்டும் இராது. நல்ல போன் மாலையை மாலையாகவே விட்டுவைக்கும். ஒளியைக் கூட்டுவது இயந்திரத்துக்கு இப்போது லேசான வேலை, எங்கே நிறுத்துவது என்பதில்தான் செய்தவரின் ரசனை தெரிகிறது.

படம் மட்டும் போதாது. இந்த நாட்டில் போன் இல்லாமல் ஒரு நாளைக் கடப்பது கடினம். வங்கிக்கும் அரச அலுவலகங்களுக்கும் மிட்-ஐடி, காசு அனுப்ப 2013இல் வந்த மொபைல்பே, பிள்ளையின் பள்ளிக்கூடச் செய்திக்கு ஔலா, பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ரைசெகோட் செயலி. இவற்றில் மிட்-ஐடி பழைய மென்பொருளில் இயங்காது. ஆகவே ‘எத்தனை வருடம் புதுப்பிப்பு வரும்?’ என்பது கடையில் கேட்கவேண்டிய முதல் கேள்வி. கூகிள் 2023இல் பிக்சல் 8 போனுக்கும், சாம்சங் 2024இல் எஸ்24 வரிசைக்கும் ஏழு வருடம் தருவதாக அறிவித்தன. இரண்டு வருடத்தில் கைவிடப்படும் போன் எவ்வளவு மலிவாக இருந்தாலும் செலவுதான். செயலியே ஒத்துவராத முதியவர்களுக்கு கொம்யூன் எனப்படும் உள்ளூராட்சியின் சேவை மையத்தில் மிட்-ஐடிக்கான சிறிய குறியீட்டுக் கருவி கிடைக்கும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

அடுத்தது குளிர். ஒரு ஜனவரிக் காலை, வைலே ரயில் நிலையத்தில் நிற்கிறேன். பற்றரி 30 வீதம் காட்டியது. ரைசெகோட் செயலியில் பயணத்தைத் தொடங்கப் போனை வெளியே எடுத்தேன், திரை ஒருதரம் மின்னி அணைந்துவிட்டது. கடுங்குளிரில் லித்தியம் பற்றரிக்குள் மின்தடை கூடி, அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். சார்ஜ் உள்ளே இருந்தும் போன் அணைந்துபோகும். ரிக்கெற் போனில் இருக்கிறது, போனோ செத்துவிட்டது என்றால் பொறுப்பு பயணியுடையது. அன்றைக்குப் பிறகு என் போன் ஜக்கெற்றின் உட்பையில்தான் இருக்கும். பழைய பற்றரியில் இது அடிக்கடி நடக்கும் என்பதால், பாவித்த போன் வாங்குகிறவர்கள் பற்றரியின் நலம் எத்தனை வீதம் என்று அமைப்புக்குள் போய்ப் பாருங்கள்.

கூடவே மழை. ஈர விரலுக்கும் நனைந்த திரைக்கும் தொடுகை சரியாக வேலைசெய்கிறதா, கையுறையோடு தொட வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐ.பி.67 என்றால் ஒரு மீற்றர் ஆழ நன்னீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். மேற்குக் கரையின் உப்புக் கடலுக்கு அந்த உறுதி பொருந்தாது. விசைப்பலகையில் டெனிஷ் எழுத்துகளும் தமிழும் மாறிமாறி வருவது லேசாக இருக்கிறதா என்று கடையிலேயே இரண்டு வரி தட்டிப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மாவோடு வீடியோவில் கதைக்கிறவர்கள், மங்கலான அறையில் முன்கமெரா எப்படி இருக்கிறது, ஒலிவாங்கி காற்றைத் தாங்குகிறதா என்பதையும் விடாதீர்கள். எங்கள் வீட்டில் பின்கமெராவைவிட முன்கமெராவுக்குத்தான் வேலை அதிகம்.

2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாகச் சந்தைக்கு வரும் போன்களுக்கு ஒரு தகவல் சுட்டி கட்டாயம். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் வண்ணப் பட்டைபோல இருக்கும். ஒரு சார்ஜ் எத்தனை மணி நேரம் நிற்கும், எத்தனை தடவை சார்ஜ் செய்தபின் பற்றரி 80 வீதத்துக்கு இறங்கும், கீழே விழுந்தால் எவ்வளவு தாங்கும், திருத்துவது எவ்வளவு லேசு, எல்லாம் அதில் இருக்கும். விற்பனையாளரின் பேச்சைவிட அந்தச் சுட்டி நேர்மையானது. டெனிஷ் வாசிக்க வருகிறவர்கள் நுகர்வோர் சபையின் ‘தெங்க்’ இதழ்ச் சோதனைகளையும் பார்க்கலாம். இங்கே 25 வீத வரியோடு சேர்த்துத்தான் விலை போடுவார்கள். வாங்கிய பொருளில் குறை இருந்தால் முறையிட இரண்டு வருட உரிமை சட்டத்தில் உண்டு. அதற்கு வாங்கியதற்கான சான்று வேண்டும், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

வாங்கி வந்த முதல் நாள் வேறொன்றும் செய்யவேண்டாம். அம்மாவையோ அப்பாவையோ யன்னலோரம் இருத்தி, விளக்கைப் போடாமல், அழகாக்கும் அமைப்பை அணைத்துவிட்டு ஒரே ஒரு படம் எடுங்கள். எடுத்ததும் அவர்களிடமே காட்டுங்கள். “ஓம், இது நான்தான்” என்று அவர்கள் சொன்னால் அந்தப் போனை வைத்திருங்கள்.