பறக்கத் தெரிந்தவள் ஏன் பறக்கவில்லை?

ஆறு மாதமாக நான் கவிதை அதிகம் படிக்கவில்லை. தாம்பரத்திலிருந்து மறைமலைநகர் திரும்பும் மாலை ரயிலில் கையில் இருந்தவை பெரும்பாலும் அறிவியல் புனைகதைகளும் மிகுபுனைவுகளும்தான். நடுவே வகுப்புக்காக மணிமேகலையை எடுத்தபோது, அதையும் மிகுபுனைவாகவே படித்தேன். உறங்கும் பெண்ணைத் தெய்வம் மணிபல்லவத்துக்குத் தூக்கிச் செல்கிறது. முற்பிறவி தெரிகிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி கிடைக்கிறது. வானில் பறக்க, வேற்றுருக் கொள்ள, பசியை வெல்ல என மூன்று மந்திரங்களும் கிடைக்கின்றன.

வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், உதயகுமாரன் பின்னாலேயே வரும்போது அவள் ஏன் பறந்து போகவில்லை? எதற்குக் காயசண்டிகையாக மாறினாள்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. பறந்தால் தப்பிக்கலாம்தான். ஆனால் உலக அறவியில் பசித்தவர்கள் காத்திருக்கிறார்கள். அவள் புகாரிலேயே இருந்து வேலை செய்ய விரும்புகிறாள். அதற்கு அந்த ஊர் கேட்ட விலை அவளுடைய முகம். சிறையில் இருந்தவர்களுக்குச் சோறிட்டதும், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும்படி மன்னனிடம் கேட்டுப் பெற்றதும் காயசண்டிகையின் உருவில்தான். அந்த உருவமும் அவளைக் காக்கவில்லை. காயசண்டிகையின் கணவன் அவளைத் தன் மனைவி என்றே நம்பி உதயகுமாரனை வெட்டுகிறான், சிறைப்படுவது மணிமேகலை. பிறகு வஞ்சியில் சமயவாதிகளிடம் பாடம் கேட்க ஆண் துறவியின் வடிவம் தேவைப்படுகிறது. இளம்பெண்ணாகப் போனால் யாரும் மெய்ப்பொருள் சொல்லமாட்டார்கள் என்று எச்சரிப்பவள் கண்ணகி. தமிழில் முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு இந்த இடம் ஒவ்வொரு முறையும் சுடுகிறது.

மஞ்சுளா பத்மநாபன் 2008இல் ஆங்கிலத்தில் எழுதிய 'எஸ்கேப்' நாவலில் பெண்களையே அழித்துவிட்ட ஒரு நாடு வருகிறது. ஒளித்து வளர்க்கப்படும் மெய்ஜி என்ற சிறுமி, ஆண் வேடத்தில்தான் பயணம் போக முடிகிறது. சாத்தனாரின் காப்பியத்திலிருந்து அவ்வளவு தூரம் வந்தும், பெண் நடமாட வேடம் வேண்டியிருக்கிறது.

ரொக்கேயாவின் 'சுல்தானாவின் கனவு' இங்கேதான் எனக்கு வேறாகப் பட்டது. ரொக்கேயா சகாவத் ஹுசைன் வங்கத்துக்காரர். ஆனால் ஆங்கிலத்தில் எழுதிய இந்தக் கதை 1905இல் முதலில் வெளியானது நம் சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழில். அதில் வரும் பெண்கள் நாட்டில் சமையலறைக்குச் சூரிய வெப்பம். கரியும் புகையும் இல்லை. பலூன் கொண்டு மேகத்திலிருந்து நீர் எடுக்கிறார்கள். இத்தனை அதிசயங்களிலும் என்னை நிறுத்தியது, கதைசொல்லி முகத்திரையில்லாமல் பகல் வெளிச்சத்தில் தெருவில் நடக்கக் கூசும் இடம். அவளை யாரும் வேறு ஆளாக மாறச் சொல்லவில்லை. தெருதான் மாறியிருக்கிறது.

தெரு எப்படி மாறியது? ஆண்களை வீட்டுக்குள் பூட்டியதால். ஆபத்து விளைவிப்பவரை வெளியே விட்டு, ஆபத்தில் இருப்பவரை ஏன் பூட்டுகிறீர்கள் என்று பர்தா வழக்கத்தைத் திருப்பிக் கேட்கும் கேலி அது. கேலியாக அதை நான் ரசிக்கிறேன். ஆனாலும் பூட்டு கைமாறியதே தவிர, அந்த நாட்டிலும் அது இருக்கிறது. இருவரும் நடக்கும் தெருவை ரொக்கேயா எழுதவில்லை.

அடுத்த வாரம் இதையெல்லாம் வகுப்பில் சொன்னேன். என் வேடத்தையும் சொன்னேன். ரயில் நிலையத்திலிருந்து வீடு வரை, யாரும் பேசாத போனைக் காதில் வைத்து, "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே நடப்பவள் நான். சில மாணவிகள் சிரித்தார்கள், அவர்களும் அப்படித்தானாம். கேள்வி கேட்டவள் மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ பூட்டும் இல்லாமல், வேடமும் இல்லாமல் ஒரு கதை வேண்டும், மேடம்" என்றாள்.

எழுதச் சொல்லியிருக்கிறேன். அன்று இரவும் போனைக் காதில் வைத்தபடிதான் வீட்டுக்கு நடந்தேன்.