விண்டோஸ் 10: கெடு முடிந்தால் கணினியும் முடிந்ததா?

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. கணினி விற்பவர்களுக்கு இது வசதியான தேதி. வாங்குபவர்களோ, இந்தக் கெடு எதை முடித்தது, எதை முடிக்கவில்லை என்று பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

முதலில் பாதுகாப்பு. திருத்தங்கள் வராத கணினியை இணையத்தில் விட்டுவைப்பது ஆபத்து என்பதில் மிகையில்லை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம்பறிக்கும் நச்சுநிரல் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது. சிக்கியவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அன்று அதற்கு ஆதரவும் இருந்தது. திருத்தத்தை ஏற்றாததுதான் வினையானது. ஆகவே, காப்பாற்றுவது பெட்டியின் புதுமையல்ல, காலத்தில் ஏற்றிய திருத்தம்.

அடுத்து வன்பொருள் வரம்பு. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறு, செக்யூர் பூட் வசதி, பொதுவாக எட்டாம் தலைமுறை இன்டெல் அல்லது ரைசன் 2000 வரிசைச் செயலி வேண்டும். டிபிஎம் கேட்பதில் நியாயம் உண்டு: குறியாக்கச் சாவிகளை அது மற்ற மென்பொருள்களின் கைக்கு எட்டாமல் காக்கிறது. செயலிக்குப் போட்ட கோடு அத்தனை உறுதியானதல்ல. நிலைத்தன்மையைக் காரணம் காட்டிய மைக்ரோசாஃப்ட், ஏழாம் தலைமுறைச் செயலி கொண்ட தன் சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2-க்குக் கோட்டைத் தளர்த்தியது. அதே தலைமுறையின் பெரும்பாலான மடிக்கணினிகள் வெளியிலேயே நின்றன.

வாங்காமலே சமாளிக்க வழி உண்டா? வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 30 டாலர் கட்டலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அமைப்புகளைச் சேமித்தால் அதுவும் வேண்டாம். இது அவகாசம்தான், தீர்வல்ல. வன்பொருள் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11-ஐ நிறுவும் குறுக்கு வழியும் உண்டு. ஆனால் அப்படி நிறுவிய கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. எதற்குப் பயந்து மாறுகிறோமோ, அதையே அந்த வழி மீண்டும் தலையில் கட்டுகிறது. லினக்ஸ் மின்ட் என்ற வேறு இயங்குதளம் நேர்மையான மாற்று. உலாவியும் லிப்ரே ஆபிஸும் போதும் என்பவருக்கு அது பொருந்தும். டேலியையோ ஃபோட்டோஷாப்பையோ நம்பித் தொழில் செய்பவருக்குப் பொருந்தாது.

வேகக்குறைவு வேறு கதை. ஹார்ட் டிஸ்கில் ஓடும் பழைய கணினி தவழ்வதற்குப் பெரும்பாலும் அந்த டிஸ்க்தான் காரணம். எஸ்எஸ்டி மாற்றி, ரேமை 8 ஜிபி ஆக்கினால் பல கணினிகள் மறுபடி நிமிர்ந்துவிடும். ஆனால் அது வேகத்தைத்தான் தரும், டிபிஎம் தகுதியைத் தராது.

எனவே தீர்ப்பு இது. தகுதியுள்ள கணினி என்றால், கோப்புகளுக்கு நகல் எடுத்துவிட்டு இப்போதே விண்டோஸ் 11-க்கு மாறுங்கள். தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை. தகுதியில்லாத கணினி என்றால், நீட்டிப்பு அவகாசத்துக்குள் லினக்ஸில் உங்கள் வேலையை ஓட்டிப் பாருங்கள். அது நடக்கவில்லை என்றால்தான் புதிது வாங்குவது செலவல்ல, தேவை. கெடுத் தேதி இயங்குதளத்தை மாற்றச் சொல்லலாம். கணினியை மாற்றச் சொல்லும் உரிமை உங்கள் வேலைக்கு மட்டுமே உண்டு.