பிடித்தும் செல்லாத பந்து

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் இரண்டு பந்துகள் ஓடும். ஒன்று என்னுடையது. உருண்டையானது, காலால் அடிப்பது. மற்றது என் மருமகனுடையது. முட்டை வடிவம், கையால் எறிவது, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுவது. இதற்கு ஏன் ஃபுட்போல் என்று பெயர் வைத்தார்கள் என்று நான் கேட்பதை அவன் பல வருடங்களாகச் சகித்துக்கொண்டிருக்கிறான்.

2023 நவம்பர் 5ஆம் திகதி அவனுடைய பந்து பிராங்பேர்ட்டுக்கே வந்தது. கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணிக்கும் மயாமி டொல்பின்ஸ் அணிக்கும் ஆட்டம். மருமகனும், இங்கே ஆஹென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் திருச்சிப் பையன் ஒருவனும் எங்கள் வீட்டில் இருந்து பார்த்தார்கள். மயாமியின் டைரீக் ஹில் பந்தைப் பிடித்து ஓடும்போது எதிரணியினர் அதை அவர் கையிலிருந்து பிடுங்கினார்கள். மைக் எட்வர்ட்ஸ் அதைப் பொறுக்கி, பக்கத்தில் வந்த பிரையன் குக்கிடம் கொடுத்தார். குக் 59 யார் ஓடிப் புள்ளி எடுத்தார். ஆட்டம் 21–14 என்று முடிந்தது. அந்த ஒரு ஓட்டத்தின் பெறுமதிதான் கடைசியில் இரண்டு அணிகளுக்கும் இடையிலிருந்த வித்தியாசம்.

சீஃப்ஸ் ஆதரவாளனான மருமகன் அப்போது துள்ளிக் குதிக்கவில்லை. திரையின் மூலையைப் பார்த்தபடி அசையாமல் நின்றான். ஏன் என்று கேட்டேன். "கொடி விழுந்ததோ எண்டு பாக்கிறன் மாமா" என்றான். கொடி விழவில்லை என்று உறுதியான பிறகுதான் கத்தினான். மகிழ்ச்சியைக்கூடச் சரிபார்த்த பிறகே எடுத்துக்கொள்ளும் ஓர் இரசிகனை அன்றுதான் முதன்முதலில் கவனித்தேன்.

விளையாட்டைப் பற்றி எழுதுபவர்கள் வீரர்களையும் பயிற்றுநர்களையும் எழுதுகிறார்கள். இரசிகர்களின் வாதத்தை யாரும் ஒரு பிரதியாக எடுத்து வாசிப்பதில்லை. அன்று பின்னேரம் இரண்டு இளைஞர்களும் இரண்டு மணி நேரம் வாதாடினார்கள். கொடி விழுந்திருந்தால் அந்தப் புள்ளி நின்றிருக்குமா, நிற்பது நியாயமா என்பதுதான் வழக்கு. அதை வெறும் பொழுதுபோக்கு என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை.

முதலில் விதி. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. 2017 ஜூன் 18, லண்டன் ஓவல் மைதானம், சம்பியன்ஸ் கிண்ண இறுதியாட்டம். பகார் ஸமான் 3 ஓட்டங்களில் இருந்தபோது பும்ராவின் பந்து மட்டையின் விளிம்பில் பட்டுத் தோனியின் கைக்குப் போனது. பும்ராவின் கால் கோட்டைத் தாண்டியிருந்தது. நோ போல். பகார் 114 ஓட்டங்கள் எடுத்தார், இந்தியா 180 ஓட்டங்களால் தோற்றது. அமெரிக்க ஆட்டத்திலும் கதை இதுதான். பந்தை வைத்திருக்கும் அணியின் கையிலிருந்து அது நழுவினால், யார் எடுக்கிறார்களோ அவர்களுக்கே பந்து. நழுவுவதை ஃபம்பிள் என்பார்கள். ஆனால் பந்தைக் கைப்பற்றிய அணி அதற்கு முன்னரே தவறு செய்திருந்தால், நடுவரின் மஞ்சள் கொடி அந்தக் கைப்பற்றலை அழித்துவிடும்.

கிரிக்கெட்டில் இல்லாத ஒன்றும் அங்கே உண்டு. தவறுக்கு உள்ளான அணியிடம் நடுவர் கேட்பார்: தண்டத்தை ஏற்கிறீர்களா, விடுகிறீர்களா? பந்தை வைத்திருந்தவர்கள் தவறு செய்து, அதே மூச்சில் பந்தையும் பறிகொடுத்தால், எதிரணி "தண்டம் வேண்டாம், பந்து போதும்" என்று சொல்லிவிடலாம். பாதிக்கப்பட்டவரின் கையில் கொடுக்கப்பட்ட இந்தத் தெரிவை நான் மதிக்கிறேன். நீதிமன்றங்களிலும் குடும்பங்களிலும் இது அரிதாகவே கிடைக்கிறது.

இரு பக்கமும் தவறு செய்திருந்தால்? அப்போது காலவரிசை வருகிறது. பந்தைக் கைப்பற்றிய அணியின் தவறு கைப்பற்றியதற்குப் பிறகு நடந்திருந்தால், பந்து அவர்களிடமே இருக்கும், தண்டம் மட்டும் உண்டு. முன்னர் நடந்திருந்தால் பந்து இல்லை. அமெரிக்க நடுவர்கள் இதைச் "சுத்தமான கைகள்" என்று சொல்வார்கள். பந்தை எடுக்கும் கணத்தில் கை சுத்தமாக இருந்ததா என்பது மட்டுமே கேள்வி.

இங்கேதான் இரசிகனும் விதிப்புத்தகமும் பிரிகிறார்கள். இந்த வாதத்துக்கெல்லாம் தாய் வழக்கு ஒன்று இருக்கிறது. 2019 ஜனவரி 20, கன்சாஸ் சிட்டி. சீஃப்ஸ் 28–24 என்று முன்னணியில். ஆட்டம் முடிய ஏறக்குறைய ஒரு நிமிடம். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸின் டொம் பிரேடி எறிந்த பந்து குரொன்கௌஸ்கியின் கையில் பட்டுத் தெறிக்க, சீஃப்ஸின் சார்வேரியஸ் வார்ட் பிடித்துவிட்டார். அநேகமாக ஆட்டம் முடிந்தது போலத்தான். ஆனால் கொடி விழுந்திருந்தது. டீ ஃபோர்ட் என்ற சீஃப்ஸ் வீரர், பந்து நகருமுன்னரே தன் அணியின் பக்கத்தைத் தாண்டி நின்றிருந்தார். பிடித்த பந்து செல்லாது. பேட்ரியட்ஸ் மேலதிக நேரத்தில் 37–31 என்று வென்று, இறுதியாட்டத்துக்குப் போய்க் கிண்ணத்தையும் எடுத்தார்கள்.

அந்தக் கொடிக்கும் அந்தப் பிடிக்கும் என்ன தொடர்பு? மருமகனின் கட்சி: ஒன்றுமில்லை. ஒருவருடைய தலை சற்று முன்னால் இருந்ததால் இன்னொருவர் கையில் பட்ட பந்து தெறிக்காது. திருச்சிப் பையனின் கட்சி: அப்படிச் சொல்ல முடியாது. முன்னால் நின்றவர் முன்னால் ஓடியிருப்பார், எறிபவர் அவசரப்பட்டிருப்பார். "அந்த அரை நொடிக்கு யார் கணக்குச் சொல்றது? இதை விட்டா எல்லாமே போங்காட்டம்தான்" என்றான். எங்கள் ஊரில் அதை அளாப்பு என்போம். சொல் வேறு, சண்டை ஒன்று.

கவனித்தால் இரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: தவறு அந்த விளைவுக்குக் காரணமா? விதிப்புத்தகம் அந்தக் கேள்வியை அநேகமாகக் கேட்பதேயில்லை. யாருடைய தவறு, முன்னரா பின்னரா என்று மட்டுமே கேட்கிறது. இது விதியின் மடமையல்ல. காரணத்தை ஒரு நிமிடத்துக்குள் மைதானத்தில் வைத்து நிறுவ முடியாது. வரிசையை நிறுவலாம். ஃபோர்டின் அவசரம் பிரேடிக்குத் தொற்றியதா என்று அறிய எந்தக் கமெராவும் இல்லை. அவர் கோட்டைத் தாண்டி நின்றாரா என்று அறியக் கமெரா உண்டு. தெரிந்துகொள்ளக் கூடியதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நேர்மையான ஏழ்மை. உதைபந்தாட்டத்தின் காணொளி நடுவர்களும் இதே ஏழ்மையில்தான் இருக்கிறார்கள். கொலோன் நகரத்து அறையொன்றில் இருந்து 2017 தொடக்கம் பண்டஸ்லிகா கோல்களைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கிறார்கள். எவ்வளவு தூரம் பின்னோக்கிப் போவது என்பதற்குத்தான் சண்டை.

ஆனால் வரிசை மட்டும் போதாது என்பதற்கு நம் தீவிலேயே சாட்சி இருக்கிறது. 2010 ஓகஸ்ட் 16, தம்புள்ளை. இந்தியா வெல்ல ஒரு ஓட்டம் வேண்டும், சேவாக் 99. சுராஜ் ரந்திவ் வேண்டுமென்றே கோட்டை நன்றாகத் தாண்டி நோ போல் வீசினார். சேவாக் அதை ஆறுக்கு அடித்தார். நோ போலுக்கான ஒரு ஓட்டத்தோடு ஆட்டம் முடிந்துவிட்டதால் அந்த ஆறு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. சேவாக் ஆட்டமிழக்காமல் 99. வரிசை துல்லியமாகப் பார்க்கப்பட்டது. முதலில் தவறு, பிறகு அடி. அந்தத் துல்லியமே தவறு செய்தவருக்குத் தான் விரும்பியதைக் கொடுத்தது. இலங்கைக் கிரிக்கெட் சபை பின்னர் ரந்திவை ஓர் ஆட்டத்துக்கு இடைநிறுத்தியது, டில்ஷானுக்கும் தண்டம் விதித்தது. ஆனால் அந்த ஓட்டங்களை யாரும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அன்று சேவாக்கிடம் யாராவது "தண்டத்தை ஏற்கிறாயா, விடுகிறாயா" என்று கேட்டிருந்தால்? அமெரிக்க விதியின் அழகு எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது.

இரசிகனின் வாதத்தில் எனக்குள்ள குறை வேறு. அவன் காரணத்தைத் தன் அணி தோற்கும்போது மட்டுமே கேட்கிறான். மருமகனிடம் கேட்டேன்: பிடித்தது பேட்ரியட்ஸாக இருந்து, கோட்டைத் தாண்டியதும் அவர்களாக இருந்திருந்தால், கொடி அநியாயம் என்று சொல்லியிருப்பாயா? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "விதி விதிதானே எண்டிருப்பன்" என்றான். விமர்சனத்துக்கும் கட்சிக்கும் இடையிலுள்ள தூரம் அவ்வளவுதான். சுத்தமான கைகள் வாதிடுபவனுக்கும் வேண்டும்.

இந்தப் பாடத்தை எங்கள் நகரம் தன் உடம்பிலேயே படித்தது. 2003 நவம்பர் 24, பழைய டிவோலி மைதானம். இரண்டாம் பண்டஸ்லிகாவில் அலெமானியா ஆஹென், நூர்ன்பேர்க்கை 1–0 என்று வென்றது. ஆட்டத்தின் நடுவே பார்வையாளர் பக்கத்திலிருந்து எறியப்பட்ட ஒரு பொருள் நூர்ன்பேர்க் பயிற்றுநர் வொல்ஃப்காங் வொல்ஃபின் மேல் பட்டு அவர் விழுந்தார். ஜெர்மன் உதைபந்தாட்டச் சங்கத்தின் விளையாட்டு நீதிமன்றம் அந்த வெற்றியைச் செல்லாததாக்கி, பார்வையாளர் இல்லாமல் மீண்டும் ஆடச் சொன்னது. 2004 ஜனவரி 26ஆம் திகதி வெறும் கதிரைகளுக்கு முன்னால் அந்த ஆட்டம் நடந்தது. ஜெர்மன் தொழில்முறை உதைபந்தாட்டத்தின் முதலாவது "பேய் ஆட்டம்" அதுதான். பெருந்தொற்றுக் காலத்தில் நாடே பழகிக்கொண்ட அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் பதினாறு வருடம் மூப்பு.

அப்போதும் நகரம் முழுக்க மருமகனின் கேள்விதான். எறிந்த பொருளா கோல் அடித்தது? பதினொரு பேர் வென்றதை ஒருவனின் கை எப்படி அழிக்கலாம்? ஆனால் இம்முறை கேள்வி கேட்டவர்களின் கைதான் அழுக்காக இருந்தது. தவறு செய்தது எதிரணியுமல்ல, நடுவருமல்ல. பார்த்துக்கொண்டிருந்த நாங்கள். அடுத்த ஆட்டத்துக்கு எங்களைத்தான் வெளியே நிறுத்தினார்கள். நான் அதை வானொலியில் கேட்டேன். ஆரவாரம் இல்லாத மைதானத்தில் வீரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது தெளிவாகக் கேட்டது. இரசிகன் ஆட்டத்துக்கு வெளியே இருக்கிறான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

ஆஹென் 3–2 என்று மீண்டும் வென்றது. பார்த்தீர்களா, முதல் வெற்றியும் எங்களுடையதுதான் என்று பலர் சொன்னார்கள். இரண்டாவது வெற்றி முதலாவதை நிரூபிக்காது. அது இன்னோர் ஆட்டம். ஆனால் தீர்ப்பை எதிர்த்துக் கூச்சலிடுவதைவிட மீண்டும் ஆடுவது மேலான பதில் என்பதை மறுக்க மாட்டேன். சில நாட்கள் கழித்து அதே அணி கிண்ணப் போட்டியில் பயேர்ன் மூனிச்சை 2–1 என்று வீழ்த்தியது.

மூன்று நாடுகள் சந்திக்கும் எல்லை நகரத்தில் இருந்துகொண்டு இந்த வாதத்தைக் கேட்கும்போது எனக்கு வேறொரு மேசை நினைவுக்கு வரும். எங்களில் பலர் அந்த மேசைக்கு முன்னால் இருந்திருக்கிறோம். நாங்கள் ஏன் வந்தோம் என்று சொன்னோம். எதிரில் இருந்தவர் எப்போது, எந்த வழியால், எதற்குப் பிறகு எது என்று கேட்டார். நான் ஒரு மாதத்தை முன்பின்னாகச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு சொன்ன காரணம் எதுவும் கணக்கில் ஏறவில்லை. டப்ளின் ஒப்பந்தம் என்று பின்னால் வந்ததும் பெரும்பாலும் இதே கணக்குத்தான்: எந்த நாட்டில் முதலில் கால் வைத்தாய்? அந்த அதிகாரி கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் நிறுவக் கூடியது வரிசை மட்டும்தான். ஆனால் அந்த மேசையில் "இதை ஏற்கிறாயா, விடுகிறாயா" என்று எங்களை யாரும் கேட்கவில்லை.

ஆகவே காரணத்தைக் கேட்கும் இரசிகனைப் பார்த்து நான் இனிச் சிரிக்க மாட்டேன். விதி சுமக்க முடியாமல் இறக்கிவைத்த கேள்வியை அவன் தூக்கிக்கொண்டு திரிகிறான். அதை யாராவது சுமக்கத்தான் வேண்டும். எதிரணிக்காகவும் சுமப்பானா என்பதில்தான் அவனுடைய தரம்.

மருமகனோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கிறேன். கொடி விழுந்தால், வாய் திறக்குமுன் சட்டையின் நிறத்தை மாற்றி ஒருமுறை யோசிக்க வேண்டும். போன வாரம் அவனுடைய அணிக்குச் சாதகமாக ஒரு கொடி விழுந்தது. நான் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தேன். "தெரியும் மாமா, யோசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்" என்றான்.